பிளாஸ்ரிக் இறாலும் மூன்று பக்க விண்ணப்பமும்

டுசல்டோர்ஃபில் நாங்கள் பயிற்சி எடுத்த மண்டபத்தின் சுவரில் விதிகள் எழுதிய தாள் ஒன்று ஒட்டியிருக்கிறது. முப்பத்தொரு விதிகள். ஒவ்வொன்றின் கீழும் சின்ன எழுத்தில் காரணம் இருக்கும். நகத்தை ஒட்ட வெட்டு. காரணம், மற்றவனுடைய கண். போட்டிக்கு முன் உள்ளிப்பூண்டு சாப்பிடாதே. காரணம், மற்றவனுடைய மூக்கு. கடைசி விதிக்கு மட்டும் காரணம் இல்லை. "நடுவர் இரு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காகப் பிடிக்கும் சைகையைப் பகிடிக்குப் பயன்படுத்தக்கூடாது." அவ்வளவுதான்.

போன மாதம், புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் எனக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அந்த விதியை எழுதியது நீங்கள்தானாமே, ஏன் காரணம் எழுதவில்லை என்று கேட்டார்கள். சொல்லத் தொடங்கினேன். முக்கால் மணித்தியாலமாகியும் முடியவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர்களுக்கு ஜெர்மனில் எழுதிக் கொடுத்தாயிற்று. இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் எங்கள் ஆட்கள். ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போனால் மோர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் யாராவது இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வருடத்துக்கு வருடம் வளர்கிறது. இந்தக் கோடையில் கேட்டபோது கதையில் என் கூட்டாளி ரமணன் அண்ணை செத்தே போய்விட்டார். அவர் அப்போது பத்தடி தள்ளி நின்று கச்சான் கடலை தின்றுகொண்டிருந்தார்.

எனக்கு முப்பத்து மூன்று வயது. நான் ஓய்வு பெற்ற மல்யுத்த வீரன். அம்மா இதைச் சொந்தக்காரருக்கு "மகன் பென்சன் எடுத்திட்டான்" என்று அறிவித்திருக்கிறார். ஹனோவரில் இருக்கும் சித்தி, மாதா மாதம் வருமோ என்று உண்மையாகவே விசாரித்தார்.

நான் செய்தது வேடிக்கை மல்யுத்தம். யார் வெல்வது என்று முதலே முடிவு செய்துவிடுவோம். விழுவது மட்டும் உண்மை. சில்லுப் பலகையின் மேல் மெல்லிய மெத்தை, அதன் மேல் துணி. நூறு கிலோ மனிதன் அதில் முதுகால் விழுந்தால் அது வலிக்காது என்று நினைப்பவர்கள் வீட்டுக் கட்டிலில் நின்று ஒரு தடவை விழுந்து பார்க்கலாம்.

எங்கள் பட்டம் ஜப்பானில் இருந்து வந்தது. அங்கே ஒரு சின்ன மல்யுத்தக் கம்பனி, இருவர் இருவராக மோதும் வேடிக்கைப் போட்டிக்கென்றே ஒரு பட்டம் வைத்திருந்தது. அதன் ஐரோப்பியக் கிளை நாங்கள். கிளை என்றால் பன்னிரண்டு பேரும் ஒரு வானும். பட்டம் என்பது இடுப்பில் கட்டும் இரண்டு தோல் பட்டிகள். ஜப்பானியச் சாப்பாட்டுக் கடைகளின் கண்ணாடியில் பிளாஸ்ரிக்கில் செய்த மாதிரிச் சாப்பாடு வைத்திருப்பார்களே, அது தங்கத் தகட்டுக்குப் பதிலாக நடுவில் ஒட்டியிருக்கும். ஒரு பட்டியில் பொரித்த இறால். மற்றதில் சுருட்டிய முட்டைப் பொரியல். சம்பியன்கள் அவற்றைத் தட்டில் வைத்து, சாப்பாடு பரிமாறுவதுபோலக் கொண்டுவர வேண்டும். பட்டத்தை இழக்க மூன்று வழிகள். தோள்கள் நிலத்தில் பட மூன்று எண்ணும்வரை கிடப்பது முதலாவது. ஐந்து எண்ணும்வரை பல் தெரியச் சிரிப்பது இரண்டாவது. மூன்றாவது, உங்களுக்கு உதவி செய்யவென்று வெளியாள் ஒருவர் ரிங்குக்குள் வருவது. இந்த மூன்றாவதை ஒன்பது வருடமாக யாரும் கண்டதில்லை.

கிளையின் பொறுப்பாளர் குராமொச்சி அம்மையார். ஜப்பானில் இருபது வருடம் நடுவராக இருந்தவர். ஐந்தடிக்கும் கொஞ்சம் குறைவு. சாம்பல் நிறக் கோட், கழுத்தில் ஒரு நிறுத்தற் கடிகாரம், காதில் பென்சில். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. சபை சிரிக்கும்போது அவர் கடிகாரத்தை அமுக்குவார். சிரிப்பு அடங்கும்போது மறுபடி அமுக்கி, அட்டையில் எழுதுவார். போட்டி முடிந்ததும் உடை மாற்றும் அறைக்கு வந்து அட்டையை வாசிப்பார். கதிரை முறிந்தது, ஆறு செக்கன். கழுத்துப்பட்டி கயிற்றில் சிக்கியது, மூன்று. மூன்று செக்கன் என்றால் அந்தப் பகிடி அடுத்த ஊருக்கு வராது. யாரையும் பாராட்டியதில்லை. மிஞ்சிப்போனால், அந்தப் பகிடி "இருக்கலாம்" என்பார். அவர் "இருக்கலாம்" என்று சொன்ன நாட்களில் எங்களில் சிலர் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

பயிற்சி ஒன்றரை வருடம். அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை: விழுந்தோம். நாடியை, அதாவது முகவாயை, நெஞ்சோடு ஒட்டு, இல்லாவிட்டால் கழுத்துப் போகும், மூச்சை விடு, உள்ளங்கையால் அடி. பின்னால், முன்னால், பக்கவாட்டில். எட்டு மாதம் கழித்துத்தான் முதல் பகிடி சொல்லித் தந்தார், அதுவும் விழுவதுதான்.

நான் எங்கள் குடும்பத்தில் முதல் படித்தவன். அப்பா மூன்றாம் வகுப்பு, அம்மா ஐந்து. ஜெர்மனியில் வரும் கடிதங்களை ஒன்பது வயதிலிருந்து நான்தான் வாசித்தேன். வெளிநாட்டவர் அலுவலகத்தில் அப்பா வரிசை எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கள் எண் வந்துவிட்டதா என்று என்னை நிமிடத்துக்கு ஒருதரம் கேட்பார். நான் பல்கலைக்கழகம் போனது அப்பாவுக்குப் பெருமை. அரைக் காற்சட்டையோடு ஆட்களைத் தூக்கி எறிகிறேன் என்பது பெருமையில் சேருமோ என்று அவருக்குக் கடைசிவரை முடிவெடுக்கத் தெரியவில்லை.

என் சோடி ரமணன் அண்ணை. கெல்சென்கிர்ச்சனில் ஒரு பேக்கரியில் மா குழைப்பவர். என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர், என்னைவிட முப்பத்தைந்து கிலோ கூட. வீட்டுக்காரர் அனுப்பிய கடிதம் ஒன்றை வாசிப்பிக்க எங்கள் வீட்டுக்கு வந்தவர், நான் அறையில் மெத்தையைப் போட்டு விழுந்து பழகுவதைக் கண்டார். கடிதத்தை மறந்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை டுசல்டோர்ஃபுக்கு என்னோடு ரயிலில் வந்தார். மாவு மூட்டை தூக்கிய உடம்பு. ஊரில் கிளித்தட்டு விளையாடியதைத் தவிர அனுபவம் இல்லை. குராமொச்சி அம்மையார் அவரைச் சுற்றி ஒருதரம் நடந்து பார்த்துவிட்டு, முகம் நன்றாக இருக்கிறது என்றார். அண்ணை அதை அழகென்று எடுத்துக்கொண்டார்.

அவருடைய மனைவி பவானி அக்கா முதியோர் இல்லத்தில் தாதி. ஒன்பது வருடத்தில் ஒரு போட்டிக்கும் வந்ததில்லை. வயது போன ஆட்களைத் தூக்கி நிமிர்த்தும் வேலை அவவுக்கு. திடகாத்திரமான மனிசன் ஒருவர் காசு கொடுத்துப் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் வேணுமென்றே விழுவதை அவவால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அண்ணை ஒவ்வொரு முறையும் கேட்பார். அக்கா ஒவ்வொரு முறையும் "எனக்கு வேலையிலை விழுகிற ஆக்களே போதும்" என்பா.

நானும் அண்ணையும் சேர்ந்த சோடிக்கு "அறை 214" என்று பெயர். இரண்டு பேரும் அரசாங்க அலுவலர்கள். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, கீழே கறுப்பு அரைக் காற்சட்டை. ரிங்கின் மூலையில் சிவப்பு நிற வரிசை எண் இயந்திரம். எதிராளி எங்களை அடிக்க ஓடிவந்தால் நான் கையைக் காட்டி நிறுத்தி, எண் எடுக்கச் சொல்வேன். அவர் எடுப்பார். நாற்பத்தேழு. இப்போது பன்னிரண்டு நடக்கிறது, உட்காருங்கள் என்பேன். ஜெர்மன்காரர் எவ்வளவு முரடராக இருந்தாலும் அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுவார். அவர் உட்கார்ந்திருக்கும்போது அண்ணை பின்னால் வந்து அடிப்பார். ஒன்பது செக்கன், பதினொரு செக்கன். சபை கத்தும். நான் ஒலிவாங்கியை எடுத்து மிகவும் கண்டிப்பாக, "டாஸ் இஸ்ற் கைன் ஷ்பாஸ்" என்பேன். இது பகிடி இல்லை என்று அர்த்தம். இரண்டாவது வருடத்தில் இருந்து அந்த வசனத்தை என்னோடு சேர்ந்து சபை முழுதும் சொல்லத் தொடங்கியது. மூன்றாவது வருடம் அதைப் போட்டுச் சட்டை அடித்து விற்றார்கள்.

இனி அந்தச் சைகை. மல்யுத்தத்தில் ஒருவருக்கு உண்மையாகவே அடிபட்டால் நடுவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காகப் பிடிப்பார். உலகம் முழுதும் அதுதான் வழக்கம். நாடகம் நின்றுவிட்டது, முதலுதவிக்காரர் வாருங்கள் என்று அதற்கு அர்த்தம். அதற்கு முன் ஒரு சின்ன நடைமுறை உண்டு. விழுந்தவனின் கையைப் பக்கத்தில் இருப்பவன் பிடிக்க வேண்டும். விழுந்தவன் ஒருதரம் அமுக்கினால் சுகம். அமுக்காவிட்டால் நடுவருக்குச் சொல்ல வேண்டும்.

ஏழாவது வருடம் எனக்கு ஒரு யோசனை வந்தது. அண்ணை அடிவாங்கி விழ, நடுவர் உடோ கைகளைக் குறுக்காகப் பிடிக்க, முதலுதவிக்காரர் படுக்கையோடு ஓடிவர, நான் இடையில் புகுந்து மருத்துவக் காப்புறுதி அட்டை கேட்க வேண்டும். அட்டை இல்லை. சரி, தற்காலிகச் சான்றிதழ்? அதுவும் இல்லை. அப்படியானால் அடிபட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது என்று நான் முத்திரை குத்த, அண்ணை படுக்கையில் இருந்து எழும்பி எதிராளியை மடக்கி வெல்ல வேண்டும்.

குராமொச்சி அம்மையார் சோற்று உருண்டை ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். முடியாது என்றார். அந்தச் சைகை தீயணைப்புக் குழாய் மாதிரி, அதில் பூஞ்செடிக்குத் தண்ணீர் விடுவதில்லை என்றார். நான் விடவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு அன்ட்றாக் எழுதினேன். முறையான விண்ணப்பம். மூன்று பக்கம், தலைப்பு, உபதலைப்பு, அடிக்குறிப்பு. சைகையை அடிக்கடி காட்டினால் அது பார்வையாளர் மனதில் பதியும், ஆகவே உண்மையான விபத்தில் அதை அவர்கள் இன்னும் விரைவாக அடையாளம் காண்பார்கள், ஆகவே இந்தப் பகிடி பாதுகாப்பைக் கூட்டுகிறது என்று நிறுவியிருந்தேன். இன்றைக்கு வாசித்தாலும் அதில் ஓட்டை கண்டுபிடிக்கக் கஷ்டம். அவ்வளவு நன்றாக எழுதப்பட்ட முட்டாள்தனம்.

அவர் பென்சிலோடு மூன்று தரம் வாசித்தார். ஓரிடத்தில் ஒரு காற்புள்ளி போட்டார். பிறகு கைப்பையில் இருந்து சின்னச் சிவப்பு முத்திரையை எடுத்து ஊதி அடித்தார். இதை மறுத்து எழுத எனக்கு இவ்வளவு ஜெர்மன் வராது, அதனால் அனுமதிக்கிறேன் என்றார். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அலுவலகங்கள் கடிதம் போட்டு அப்பாவை வாயடைக்கச் செய்ததை, நான் அந்த அம்மாவுக்குச் செய்திருக்கிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை. ரயிலில் அண்ணைக்கு அந்த மூன்று பக்கத்தையும் மொழிபெயர்த்து வாசித்துக் காட்டினேன்.

பகிடி பதினேழு செக்கன் போனது. கிளையின் சாதனை. இரண்டு வருடம் ஊர் ஊராகச் செய்தோம். முதலுதவிக்கு வரும் தொண்டர்களுக்கும் அது பிடித்துப்போயிற்று. ஓடி வந்து சறுக்கி விழுவது, படுக்கையைத் தலைகீழாகப் பிடிப்பது என்று தாங்களாகவே கொஞ்சம் சேர்த்துக்கொண்டார்கள்.

ஒன்பதாவது வருடம், பட்டம் எங்களிடம் இருந்தபோது, கெல்சென்கிர்ச்சனில் ஒரு பழைய கொண்டாட்ட மண்டபம். ஞாயிறு பின்னேரம் மூன்று மணி. எங்களுடைய சொந்த ஊர்ப் போட்டி என்பதால் ஒரு வரிசை முழுதும் தமிழ் ஆட்கள். இரண்டாவது வரிசையின் ஓரத்தில் பவானி அக்கா. சொல்லாமல் வந்திருந்தா. உடை மாற்றும் அறையில் இருந்து வெளியே வரும்போதுதான் கண்டோம். அண்ணை நடந்துகொண்டே என் முழங்கையில் இடித்தார்.

"தம்பி, அங்கை பார். மனுசி."

"கண்டனான். நீங்கள் தட்டை நேராய்ப் பிடியுங்கோ, இறால் விழப்போகுது."

எதிராளிகள் தேனீ வளர்ப்பவர் வேடம் போட்ட இரண்டு பேர். அதில் ஹோல்கர் என்பவர் நூற்றிருபது கிலோ. நல்ல மனிதர், பகலில் பாலர் பாடசாலை ஆசிரியர். வலைத் தொப்பியோடு அவர் ஓடிவந்து அண்ணையைத் தோளால் இடிக்க, அண்ணை பின்னால் விழ வேண்டும். இதைவிடச் சுலபமான விழுகை எங்கள் பட்டியலில் இல்லை. அண்ணை அதை ஆயிரம் தரம் விழுந்திருப்பார்.

வரிசை எண் பகிடி நன்றாகப் போனது. ஹோல்கர் ஓடிவந்தார். இடித்தார். அண்ணை விழுந்தார். சத்தம் பிழை. முதுகும் உள்ளங்கையும் சேர்ந்து அடிக்கும் "படார்" என்ற சத்தம் வர வேண்டும். வந்தது ஒரு மொத்தல்.

நான் குனிந்து கையைப் பிடித்தேன். அமுக்கவில்லை. அண்ணையின் வாய் மட்டும் அசைந்தது.

"தம்பி, என்ரை கை ரெண்டும் எங்கை?"

இதை நான் எழுதத்தான் வேண்டும். நான் அதைப் புதுப் பகிடி என்று நினைத்தேன். தமிழ் ஆட்கள் வந்திருக்கிறார்கள், மனுசி வந்திருக்கிறா, மனிதர் புதிதாக ஒன்றைச் சேர்க்கிறார் என்று நினைத்தேன். நிமிர்ந்து, ஒலிவாங்கியில், ஜெர்மனில், காணாமல் போன கைகளுக்கு அறை 216 என்று அறிவித்தேன். மண்டபம் அதிர்ந்தது. குராமொச்சி அம்மையாரின் அட்டையில் அது இருக்கிறது: பன்னிரண்டு செக்கன்.

அந்தப் பன்னிரண்டு செக்கனும் அண்ணை மேலே விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிக் கிடப்பவர் இல்லை. விழுந்தாலும் ஒரு கண்ணால் சபையைப் பார்ப்பார், எவ்வளவு பேர் சிரிக்கிறார்கள் என்று. நான் மறுபடி குனிந்து கையைப் பிடித்தேன். மாவு குழைக்கிற அந்தக் கை என் கைக்குள் சாப்பாட்டுப் பொதி மாதிரிக் கிடந்தது.

உடோவுக்குச் சொன்னேன். உடோ என் முகத்தைப் பார்த்தார், உடனே கைகளைக் குறுக்காகப் பிடித்தார். சபை எழுந்து நின்று கைதட்டியது. இதைப் பார்க்கத்தானே வந்திருக்கிறார்கள். முதலுதவிக்காரர் இரண்டு பேரில் ஒருவர் படுக்கையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, சினிமாவில் மெதுவாக ஓட்டிக் காட்டுவதுபோல ஓடி நடித்தார். மற்றவர் தொலைபேசியில் படம் எடுத்தார். உடோ இன்னும் உயரமாகக் கைகளைப் பிடித்தார். பிடிக்கப் பிடிக்கச் சிரிப்பு கூடியது.

நான் ஒலிவாங்கியை எடுத்து, இது பகிடி இல்லை என்று கத்தினேன்.

நானூறு பேர் என்னோடு சேர்ந்து கத்தினார்கள். டாஸ் இஸ்ற் கைன் ஷ்பாஸ். தாளத்தோடு, காலால் தட்டி. நான் மறுபடி கத்தினேன். அவர்களும் மறுபடி கத்தினார்கள். ஹோல்கர் அருகில் வந்து, நல்லாய்ப் போகிறது, இன்னும் கொஞ்சம் இழு என்று காதுக்குள் சொன்னார். வெள்ளைச் சட்டையும் அரைக் காற்சட்டையுமாக, கழுத்துப்பட்டி முதுகுப் பக்கம் தொங்க, நான் அழத் தொடங்கிவிட்டேன். அதற்குத்தான் அன்றைக்கு ஆகக்கூடிய சிரிப்பு. எனக்குத் தெரிந்த ஜெர்மன் முழுவதும் அந்த நேரம் செல்லாமல் போய்விட்டது. உண்மையைச் சொல்வதற்கென்று ஒரு வசனம்கூட நான் மிச்சம் வைக்கவில்லை.

ஒலிவாங்கியைக் கீழே போட்டுவிட்டு இரண்டாவது வரிசையைப் பார்த்தேன்.

"அக்கா. அண்ணைக்குக் கை ரெண்டும் உணர்ச்சி இல்லையாம். ஓடி வாங்கோ."

தமிழ் வரிசை சட்டென்று அடங்கியது. பவானி அக்கா கைப்பையைப் பக்கத்துக் கதிரையில் வைத்தா. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினா. தடுப்புக் கம்பியைத் தாண்டினா. மறித்த காவலாளியை அவ என்ன செய்தா என்று எனக்குச் சரியாகத் தெரியாது, அவர் நிலத்தில் உட்கார்ந்திருந்தார். கயிறுக்குள்ளால் புகுந்து வந்து, அண்ணையின் தலைமாட்டில் முழந்தாளிட்டு, இரண்டு கையாலும் தலையை அசையாமல் பிடித்தா. அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. நிமிர்ந்து முதலுதவிக்காரரைப் பார்த்து, முதியோர் இல்லத்தின் நீளமான நடைகூடத்தில் கடைசி அறைவரை கேட்கும் குரலில், ஜெர்மனில் சொன்னா: கழுத்துப் பட்டை, பலகை, அவசர மருத்துவர், இப்பவே.

அந்தக் குரலுக்கு யாரும் சிரிக்கவில்லை. தொலைபேசியில் படம் எடுத்தவர் அதைப் பையில் வைக்க முயன்று கீழே போட்டார். படுக்கை நேரானது. நான் அண்ணையின் கால்மாட்டில் நின்றேன். எனக்குச் செய்ய வேலை இருக்கவில்லை. அவர்கள் அவரைப் பலகையில் ஏற்றும்போது, அவருடைய கழுத்துப்பட்டியைக் கத்தரிக்கோலால் வெட்டினார்கள்.

அம்புலன்ஸ் போன பிறகு குராமொச்சி அம்மையார் ரிங்குக்குள் வந்தார். சபையை அமைதியாக வீட்டுக்குப் போகச் சொன்னார். அதற்கு முதல், முடிவை அறிவித்தார். வெளியாள் உதவிக்கு வந்ததால் அறை 214 பட்டத்தை இழக்கிறது. ஹோல்கர் வலைத் தொப்பியைக் கழற்றிவிட்டு, எனக்கு வேண்டாம் என்றார். விதி என்றார் அம்மையார். ஹோல்கர் இறாலைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதார். பவானியிடம்தானே தோற்றார்கள் என்று எங்கள் ஆட்கள் இன்றைக்கும் சொல்வதற்கு இதுதான் ஆதாரம். சட்டப்படி அது சரி.

வைத்தியசாலைக் காத்திருப்பு அறையில் குராமொச்சி அம்மையார் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கைப்பையில் இருந்து என்னுடைய விண்ணப்பத்தை எடுத்தார். எப்போதும் கொண்டு திரிந்திருக்கிறார். முத்திரை தன்னுடையது என்றார். எழுத்து என்னுடையது என்றேன். அதைப்பற்றி இரண்டு பேரும் பிறகு பேசவில்லை. பென்சிலை நீட்டி, சுவரில் ஒட்ட ஒரு விதி எழுது என்றார். நான் எழுதி, கீழே காரணத்தைத் தொடங்கினேன். அவர் தாளை இழுத்துக்கொண்டார்.

"காரணம் எழுதாதே. எழுதினால் படித்தவன் ஒருவன் வந்து அதற்குப் பதில் எழுதுவான்."

முள்ளந்தண்டு நரம்பு அதிர்ந்து வீங்கியிருந்தது, அறுபடவில்லை. கைகளுக்கு உணர்வு திரும்பலாம், எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார்கள். இதைக் கேட்டபோது, மா குழைக்கும் மனிதருக்குக் கையில் எவ்வளவு வேண்டும் என்று நான் மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். ஏழு மாதத்துக்குப் பிறகு அவர் பேக்கரிக்குத் திரும்பினார். இடது கைச் சின்ன விரல் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. அதை அவர் ஒரு சலுகையாகப் பாவிக்கிறார். கோப்பை கழுவச் சொன்னால் அந்த விரலைக் காட்டுகிறார். நான் அந்த வாரமே மல்யுத்தத்தை விட்டேன். இப்போது உண்மையான அலுவலகம் ஒன்றில், உண்மையான மேசையில் இருக்கிறேன். ஆட்கள் எண்ணோடு வருகிறார்கள். ஒருவரும் சிரிப்பதில்லை.

ஆனால் விபத்து நடந்த நான்காம் நாள் இது ஒன்றும் தெரியாது. காலை பத்து மணிக்கு நான் வைத்தியசாலைக்குப் போனேன். அண்ணை கழுத்துப் பட்டையோடு முகட்டைப் பார்த்தபடி கிடந்தார். வலது கைப் பெருவிரல் மட்டும் அசையத் தொடங்கியிருந்தது. அதை எனக்கு இரண்டு தரம் அசைத்துக் காட்டினார். பிறகு கதவுப் பக்கம் கண்ணை ஓட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, ஒரு விசயம். நான் விழேக்கை மனுசி சிரிச்சவவோ? எனக்கு அப்பிடித்தான் தெரிஞ்சது. கழுத்து முறிஞ்சதாலை கண்டனோ தெரியேல்லை."

நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை என்றேன். அவருக்கு ஏமாற்றமாகப் போயிற்று.

பவானி அக்கா நடைகூடத்தில் கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றா. நான் போய் அந்த மூன்று பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். அந்தச் சைகையைப் பகிடியாக்க அனுமதி கேட்டு எழுதியது நான்தான், முதலுதவிக்காரர் வராமல் நின்ற நேரம் என்னால் வந்தது என்று. நான்கு நாளாக மனப்பாடம் செய்திருந்தேன். அக்கா பிளாஸ்ரிக் கரண்டியால் கோப்பியைக் கலக்கிக்கொண்டே கேட்டா.

"தெரியும். அந்தக் கடிதத்தை அவர் வீட்டிலை வந்து எனக்கு நடிச்சே காட்டினவர்," என்றா. "ஆனா அவர் விழுந்தது உன்ரை கடிதத்தாலை இல்லை."

அக்கா கரண்டியைக் கோப்பையில் இருந்து எடுத்தா.

"அவர் நாடியை உள்ளுக்கு எடுக்கேல்லை. ஏனெண்டு தெரியுமோ? என்னைப் பாத்துக்கொண்டு விழுந்தவர். ஒன்பது வருசமாய் வரமாட்டன் எண்டு நிண்டனான். வந்தன். வந்து இருந்து சிரிச்சிட்டன். அதை அவர் கண்டிட்டார்."

கோப்பியைக் குடிக்காமலே குப்பைக் கூடைக்குள் போட்டா.

"அவரிட்டைச் சொல்லிப்போடாதை. பிறகு கொழுப்பு ஏறிப்போகும்."

நான் சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன். திரும்பி அறைக்குள் போய்க் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, உட்கார்ந்த கையோடு சொல்லிவிட்டேன்.

"ஓம் அண்ணை. சிரிச்சவவாம்."

அண்ணை கண்ணை மூடினார். நித்திரையாகிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"எந்த இடத்திலை?"

"என்ன?"

"எந்த இடத்திலை சிரிச்சவ? நம்பர் குடுக்கேக்கையோ, நான் பின்னாலை போய் அடிக்கேக்கையோ?"

அதைக் கேட்கவில்லை என்றேன்.

"அப்ப என்னத்தைக் கேட்டனீ? போ. போய்க் கேட்டுக்கொண்டு வா."

நான் எழுந்து மறுபடி நடைகூடத்துக்குப் போனேன்.